ஸ்டூடியோ மாமா அழித்த மச்சம்

குக்கருக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். பிறகு மூக்கு விடைக்கும். அப்புறம் "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு மூச்சு வரும். அதுதான் முதல் விசில்.

இரண்டாவது விசிலுக்குள் அக்கம்பக்கத்தார் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். மூன்றாவது விசில் வந்த ஒரு நாளில், எதிர்வீட்டு மாடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகள் பயந்துபோய்த் தாமாகவே மடிந்து அலமாரிக்குள் ஏறி உட்கார்ந்தனவாம். இதில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். ஆனால் துணி மடிந்தது என்னவோ உண்மை.

குக்கர் என்று பட்டப்பெயர் வாங்குமளவுக்கு, பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு எதற்கு இவ்வளவு கோபம்?

எல்லாம் தம்பிக்காகத்தான். சுண்டுவிரல்போல் ஒல்லியாக இருப்பதால் அவனுக்குச் சுண்டு என்று பெயர். எட்டு வயது. இடது புருவத்தில் தொடங்கி, கன்னம் வழியாக இறங்கி, தாடையில் போய் முடிகிற ஒரு பெரிய மச்சம் அவன் முகத்தில் இருந்தது. பிறக்கும்போதே கூட வந்தது. வலிக்காது, யாருக்கும் ஒட்டிக்கொள்ளாது, கடிக்கவும் கடிக்காது. ஆனாலும் பார்க்கிறவர்களுக்குப் பார்வையைத் திருப்ப மறந்துவிடும். கடையில் பார்ப்பார்கள். பஸ்ஸில் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். பள்ளியில் யாராவது, "மூஞ்சில மை கொட்டிடுச்சா?" என்பார்கள்.

அதனால் கேமரா என்றாலே சுண்டு ஓடிவிடுவான். வீட்டில் இருக்கும் படங்களில் அவனைத் தேடிப் பாருங்கள். ஒன்றில் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு காது தெரியும். இன்னொன்றில் ஒரு முழங்கை. மூன்றாவதில் ஜன்னல் திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள். மூன்றையும் வெட்டி ஒட்டினாலும் ஒரு முழுச் சுண்டு தேறமாட்டான்.

சனிக்கிழமைதோறும் பக்கத்துப் பொதுக்கூடத்தில் பெரிய பிள்ளைகளுக்குப் படம் எடுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பகுதியில் வேலை தெரிந்தவர்களெல்லாம் சேர்ந்து, சம்பளம் வாங்காமல் நடத்திய திட்டம். யார் யாரோ கொடுத்த பழைய கேமராக்கள். அதில் ஒன்று, இரண்டு தட்டுத் தட்டினால்தான் கண்ணைத் திறக்கும். இன்னொன்று ரப்பர் பேண்டின் தயவில் உயிர் வாழ்ந்தது. குக்கருக்குக் கிடைத்தது அந்த ரப்பர் பேண்டுக் கேமரா. அதை அவள் தன் உயிரைவிடப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

சொல்லிக்கொடுத்தவர் பத்திரிகைக்குப் படம் எடுக்கும் ஓர் அக்கா. முதல் நாளே அவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"கேமராவைத் தூக்கறதுக்கு முன்னாடி வாயைத் திறந்து கேளுங்க, எடுக்கலாமான்னு. வேண்டாம்னா வேண்டாம்தான். எடுத்தா, அவங்ககிட்டதான் முதல்ல காட்டணும்."

"தூங்கறவங்ககிட்ட எப்படிக்கா கேக்கறது?" என்றான் நெட்டை. பதினைந்து வயதிலேயே எல்லா வாசல்படியிலும் தலையை இடித்துக்கொள்ளும் பையன்.

"எழுப்பிக் கேளு."

"எழுந்துட்டா தூங்கற படம் எப்படி வரும்?"

"வராது. உட்காரு."

கடைசியில் ஒரு கண்காட்சி. ஆளுக்கு ஒரு முகத்தை எடுக்க வேண்டும், தினமும் தெருவில் பார்க்கிற முகமாக இருக்க வேண்டும் என்றார் அக்கா. குக்கருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு முன்னால் குனிந்தாள்.

"சுண்டு, உன்னைப் படம் எடுக்கட்டுமா?"

கட்டிலுக்கு அடியிலிருந்து, "மாட்டேன்" என்று பதில் வந்தது.

"சரி" என்று எழுந்து போய்விட்டாள். அடுத்த வாரமும் கேட்டாள். அடுத்த வாரமும் "மாட்டேன்." அவளுக்கு இவ்வளவு பொறுமை இருக்கும் என்று பெற்ற தாயே நம்பவில்லை. அப்படியே பல வாரம் போனது. ஒரு நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து கேள்வி வந்தது.

"எடுத்தா எங்க மாட்டுவீங்க?"

"பொதுக்கூடத்துச் சுவத்துல."

"யாரெல்லாம் வருவாங்க?"

"எல்லாரும்தான். உங்க கிளாஸ் பசங்களையும் கூட்டிட்டு வருவாங்க."

கட்டிலுக்கு அடியில் ஏதோ உருண்டது. பிறகு தூசியும் ஒட்டடையுமாக ஒரு தலை வெளியே வந்தது.

"படத்தைக் கதவு மாதிரி பெருசா பண்ண முடியுமாக்கா?"

"அவ்வளவு பெருசா எதுக்குடா?"

"தினமும் ஒவ்வொருத்தரா பார்க்கறாங்க. பெருசா மாட்டிட்டா எல்லாரும் ஒரே நாள்ல பார்த்து முடிச்சிடுவாங்கல்ல? அப்புறம் என்னை விட்டுடுவாங்க."

குக்கருக்கு உள்ளே ஏதோ பொங்கி வந்தது. அது அழுகையா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. வழக்கம்போலக் கோபம் என்றே வைத்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு," என்றான் சுண்டு. "மச்சம் முழுசா தெரியணும். மறைச்சு கிறைச்சு எடுக்கக் கூடாது."

"இருக்கறபடியே எடுப்பேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

மறுநாள் காலை வெளிச்சத்தில், ஜன்னலோரம் நிற்கவைத்து எடுத்தாள். சுண்டு சிரிக்கவில்லை. கேமராவை நேருக்கு நேர் முறைத்தான். மச்சம் புருவத்திலிருந்து தாடைவரை பளிச்சென்று தெரிந்தது. அவனுக்குத்தான் முதலில் காட்டினாள். அவன் வெகுநேரம் பார்த்துவிட்டு, "பரவால்ல. கொஞ்சம் ரவுடி மாதிரி இருக்கேன்" என்றான். அவன் வாயால் தன் படத்தைப் பற்றி வந்த முதல் நல்ல வார்த்தை அது.

இங்கேதான் ஸ்டூடியோ மாமா வருகிறார்.

அதே தெருவில் கடை. பரீட்சைக்கு, வேலைக்கு, பாஸ்போர்ட்டுக்கு என்று எல்லோரும் அவரிடம்தான் படம் எடுத்துக்கொள்வார்கள். தங்கமான மனிதர். பிள்ளைகளின் படங்களைத் தன் செலவிலேயே அச்சுப்போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் அவருக்கு ஒரு பழக்கம். அவர் கம்ப்யூட்டருக்குள் நுழையும் எந்த முகமும் போன மாதிரி திரும்பாது. சட்டையோடு போனவர் கோட்டு டையோடு வருவார். வழுக்கைத் தலையோடு போனவர் சீப்பு வாங்க வேண்டியிருக்கும். அவர் திருத்திய படத்தோடு பரீட்சைக்குப் போன ஒருவரை, "இது உங்க தம்பியா? அவரை வரச் சொல்லுங்க" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் மாலை, பெரிய பெரிய படங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு மாமா பொதுக்கூடத்துக்கு வந்து இறங்கினார்.

"பிள்ளைங்களா, ஓடி வாங்க! மாமா என்ன பண்ணியிருக்கேன்னு பாருங்க! ஒரு வாரமா சாப்பாடு தண்ணி இல்லாம உக்காந்து பண்ணது."

முதல் படத்தின் தாளைக் கிழித்தார். நெட்டை எடுத்த வாட்ச்மேன் படம். வாட்ச்மேனுக்கு முன்பல் இரண்டு கிடையாது. அந்தச் சந்து தெரிய அவர் வாய்விட்டுச் சிரித்ததைத்தான் நெட்டை எடுத்திருந்தான். இப்போது வாய் நிறையப் பல். பற்பசை விளம்பரத்துக்கு உடனே கூப்பிடுவார்கள்.

நெட்டை குனிந்து பார்த்தான். "மாமா, இந்த ரெண்டு பல்லு யாரோடது?"

"என்னோடதுதான்!" என்றார் மாமா பெருமையாக. "என் படத்துலருந்து எடுத்து வெச்சேன். எப்படிப் பொருந்துது பாரு!"

அடுத்தது பழக்கார அம்மா. முகத்தில் இருந்த சுருக்கமெல்லாம் இஸ்திரி போட்டதுபோல் காணாமல் போயிருந்தது. அதற்கடுத்தது தெருநாய். ஏதோ ஒரு பழைய சண்டையில் ஒரு காதைப் பறிகொடுத்த நாய். படத்தில் இரண்டு காதும் விறைப்பாக நின்றன.

"நாயையுமா மாமா?" என்றார் பத்திரிகை அக்கா மெல்ல.

"அதுவும் ஒரு உசுருதானேம்மா! அதுக்கும் ஆசை இருக்காதா?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குக்கரும் சிரித்தாள். கடைசிப் படத்தின் தாள் கிழியும்வரைதான் சிரித்தாள்.

கதவளவு படம். ஜன்னலோரம் ஒரு பையன். தலைமுடி சுண்டுவினுடையது. சட்டை சுண்டுவினுடையது. முறைப்பும் அவனுடையதுதான். ஆனால் கன்னம் மட்டும் உரித்த முட்டை மாதிரி இருந்தது. புருவத்திலிருந்து தாடைவரை ஒரு புள்ளிகூட இல்லை.

"ஸ்ஸ்ஸ்."

பிள்ளைகள் இரண்டடி பின்னால் போனார்கள்.

மாமாவுக்கு விஷயம் தெரியாது. "இதுக்குத்தாம்மா ரொம்ப நேரம் ஆச்சு. உன் தம்பிக்குன்னு ஸ்பெஷலா பண்ணேன். பாவம், சின்னப் பையன். இப்ப எவ்வளவு லட்சணமா இருக்கான் பாரு."

"பாவமா?" இரண்டாவது விசில். "யாரு பாவம்? அவன் என்ன பண்ணான் பாவம்னு சொல்ல?"

"இல்லம்மா, நான் என்ன சொல்றேன்னா..."

"இது என் தம்பியே இல்ல! இருக்கறபடி எடுப்பேன்னு அவனுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்! எத்தனை வாரம் கெஞ்சியிருக்கேன் தெரியுமா? நாளைக்கு அவன் கிளாஸே வருது! 'மச்சம் இல்லைன்னா நீ எவ்வளவு நல்லா இருக்க'ன்னு அவன் முன்னாடியே சொல்லுவாங்க! அவன் திரும்பவும் கட்டிலுக்கு அடியில போயிடுவான்! உங்க கடைச் சுவத்துல மாட்டியிருக்கற ஒருத்தருக்காவது சொந்த மூஞ்சி இருக்கா மாமா?"

மூன்றாவது விசில். கூரையில் உட்கார்ந்திருந்த புறாக்கள் அன்றைக்குப் பறந்தவைதான். இன்றுவரை திரும்பவில்லை என்று கேள்வி.

மாமாவின் முகம் சுருங்கிப்போனது. "கெட்டது நினைச்சா பண்ணேன்?" என்று முணுமுணுத்தார். அப்புறம் அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "ஓசியில உழைச்சதுக்கு நல்ல மரியாதை!" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று போய்விட்டார்.

"பழைய படத்தை வெச்சு இன்னொண்ணு போட்டுடலாம்," என்றான் நெட்டை.

பத்திரிகை அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டார். "அது இல்லடா. மாமா பழசு மேலேயே திருத்தி வெச்சிருக்கார். எல்லாம் காப்பி ஆயிடுச்சுன்னு அவர் சொன்னதும், அடுத்த பிள்ளைங்களுக்காக கேமராவையெல்லாம் நான் காலி பண்ணிட்டேன். புதுசா எடுத்தாலும் இவ்வளவு பெருசா அச்சு வெளியூர்லருந்துதான் வரணும். நாளைக்குள்ள நடக்காது."

நெட்டை படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான்.

"இதை மாட்டாம விட்டுடலாம்," என்றார் அக்கா. "படம் அச்சுல கெட்டுப்போச்சுன்னு தம்பிகிட்ட சொல்லிடலாமா?"

குக்கர் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "முதல்ல அவன்கிட்டதான் காட்டணும்னு நீங்கதானே சொன்னீங்க? காட்டறேன். நெட்டை, ஒரு பக்கம் பிடி."

தெருவில் நின்றவர்களுக்கு ஒரு மாபெரும் முகம் நாலு காலில் நடந்து போவதுபோல் தெரிந்தது. இரண்டு கால் கோபமாக நடந்தது. இரண்டு கால் அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஓடியது.

அம்மா பஸ் ஓட்டுநர். வேலையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. சுண்டு மட்டும் வாசலிலேயே காத்திருந்தான்.

"வந்துடுச்சா? அப்பாடி, நிஜமாவே கதவு மாதிரி இருக்கு! திருப்பு, திருப்பு!"

குக்கர் திருப்பினாள்.

சுண்டு பார்த்தான். கிட்டே வந்து பார்த்தான். படத்தின் கன்னத்தில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தான்.

"இது யாருக்கா?"

"நீதான். ஸ்டூடியோ மாமா மச்சத்தை அழிச்சிட்டாரு. என்னைக் கேக்கலை. எனக்கும் இப்பதான் தெரியும். வேற படம் இல்ல." ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, அவன் கட்டிலை நோக்கி ஓடுவதற்காகக் காத்திருந்தாள்.

அவன் ஓடவில்லை. அவன் காது சிவந்தது. மூக்கு விடைத்தது.

"ஸ்ஸ்ஸ்" என்றான் சுண்டு.

நெட்டை படத்தை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு, "ஐயோ, இதுவும் குக்கரா?" என்றான்.

"என்னைக் கேட்டாரா?" என்று கத்தினான் சுண்டு. "என் மூஞ்சி அது! வேணும்னா வெச்சுக்குவேன், வேண்டாம்னா... வேண்டாம்னாலும் வெச்சுக்குவேன்! அவர் யாரு அழிக்க? வாக்கா, போய்க் கேக்கலாம்!"

செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு அவன் முன்னால் நடந்தான். நாலு கால் முகம் மறுபடியும் தெருவில் கிளம்பியது.

கடையில் மாமா விளக்கடியில் உட்கார்ந்திருந்தார். கோபத்தில் டீயைக்கூடக் குடிக்காமல் ஆறவைத்திருந்தார். சுவர் முழுக்க மாசுமருவில்லாத மனிதர்கள், எல்லோரும் ஒரே குடும்பம்போல்.

"என்னோடதைத் திருப்பிக் குடுங்க!" என்றான் சுண்டு.

மாமா திடுக்கிட்டு நிமிர்ந்தார். "என்னப்பா?"

"என் மச்சத்தை! என்னைக் கேட்டீங்களா?"

மாமா ஆறிப்போன டீயை ஒரு பக்கம் நகர்த்தினார். "கேக்கலைப்பா," என்றார் கடைசியில். "நீ சந்தோஷப்படுவேன்னு நினைச்சேன்."

"பட்டேனா?"

"இல்லைன்னு தெரியுது." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதுக்கு இப்ப நான் என்ன பண்றது? உங்க அக்கா ஏற்கெனவே ஊரைக் கூட்டித் திட்டியாச்சு. போனது போனதுதான். படத்தை என்னமோ பண்ணிக்கோங்க."

"போனது போனதுதான்" என்றதும் குக்கருக்கு மூச்சு மேலே ஏறியது. இந்த விசில் வந்திருந்தால் கடைக் கண்ணாடி தப்பியிருக்காது. ஆனால் அவள் கண் மாமாவின் கையில் விழுந்தது.

அவர் பேசிக்கொண்டே வேலை செய்துகொண்டிருந்தார். யாரோ ஒருவருடைய படத்தில், கறுப்புக் கோட்டின் மேல், தூசி விழுந்து ஒரு வெள்ளைப் புள்ளி உண்டாகியிருந்தது. எறும்புக்கு மீசை வரையலாம். அவ்வளவு மெல்லிய தூரிகை. அதை வண்ணத்தில் தொட்டு, அந்தப் புள்ளியின் மேல் வைத்தார். புள்ளி இருந்த இடமே தெரியவில்லை.

குக்கர் ஏறிய மூச்சை அப்படியே விழுங்கினாள். 

"மாமா, அழிக்கற கைக்கு வரையத் தெரியாதா?"

"என்னது?"

"கம்ப்யூட்டர்ல எடுத்ததைத் தூரிகையில திருப்பி வையுங்க. இந்தப் படத்து மேலேயே."

மாமா படத்தைப் பார்த்தார். சுண்டுவைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் பயம் தெரிந்தது. "இவ்வளவு பெருசா? கொஞ்சம் தப்பினாலும் அசிங்கமாயிடுமேம்மா. எனக்கு அது ஞாபகம்கூட இல்ல, எங்க ஆரம்பிச்சுது, எங்க முடிஞ்சுதுன்னு."

"அதான் ஆளே வந்திருக்கானே. பார்த்து வரைங்க."

பாஸ்போர்ட் படத்துக்கு உட்காரும் ஸ்டூலில் சுண்டு ஏறி உட்கார்ந்தான். மாமா எல்லா விளக்கையும் போட்டார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அவன் முகத்துக்கு அருகில் வந்தார். பார்த்தார். நன்றாகப் பார்த்தார். யார் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிற சுண்டு, அன்றைக்குத் தாடையை இன்னும் கொஞ்சம் தூக்கிக் காட்டினான்.

"அட, இது ஒரே நிறம் இல்லையே," என்றார் மாமா. "நடுவுல ஒரு நிறம். ஓரத்துல ஒரு நிறம்."

"வெயில்ல போனா இன்னும் மாறும்," என்றான் சுண்டு, வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவன்போல.

"ஆடாதே."

"நான் ஆடல. நீங்கதான் கண்ணை இடுக்கறீங்க."

நெட்டை விளக்கைப் பிடித்தான். குக்கர் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்தாள். மாமா புருவத்திலிருந்து இறங்க ஆரம்பித்தார். ஒரு தொடுதல், ஒரு பார்வை. ஒரு தொடுதல், ஒரு பார்வை. சுண்டுவைப்போல ஒரு கறாரான வாடிக்கையாளரை அந்தக் கடை அதற்கு முன் கண்டதில்லை.

"காதுகிட்ட ஒரு குட்டி தனியா இருக்கு. அதை விட்டுட்டீங்க."

"எங்க? ஆமாம்பா."

"தாடைகிட்ட இன்னும் கொஞ்சம் கீழ வரணும். கஞ்சத்தனம் பண்ணாதீங்க."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார், கை ஆடினால் கெட்டது. "அழிக்கறதுக்கு ரெண்டு தேய்ப்பு தேய்ச்சேன்," என்றார் தூரிகையைக் கழுவிக்கொண்டே. "இதுல இவ்வளவு வேலை இருக்குன்னு அப்பத் தெரியல."

குக்கர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "மாமா, நான் சாயந்திரம் சொன்னதுல பாதி சரி. மீதிப் பாதிக்கு மன்னிச்சிடுங்க."

"எந்தப் பாதிக்கும்மா?"

"உங்களுக்கு எது ரொம்ப வலிச்சுதோ, அதுக்கு."

மாமா தூரிகையைக் கீழே வைத்தார். ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். குடித்தபின் எதிர்ச் சுவரில் இருந்த தன் வாடிக்கையாளர்களை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"மத்தவங்களையும் கேக்காமதான் பண்ணிட்டேன்," என்றார். "வாட்ச்மேன், பழக்கார அம்மா... அவங்க என்ன சொல்லுவாங்களோ?"

"கேட்டாதானே தெரியும்?" என்றாள் குக்கர். "நாளைக்கு அந்த வண்ணப் பெட்டியையும் தூரிகையையும் எடுத்துட்டு வாங்க."

மறுநாள் காலை பொதுக்கூடத்து வாசலில் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் மாமா. படத்தில் இருக்கிற ஒவ்வொருவரும் உள்ளே நுழையும்போது குக்கர் கையைப் பிடித்து அழைத்துப் போய், அவர்கள் படத்துக்கு முன்னால் நிறுத்திக் கேட்டாள். "இப்படியே இருக்கட்டுமா? பழையபடி ஆக்கணுமா?"

வாட்ச்மேன் அலறிவிட்டார். "யாருய்யா இது, என் யூனிபார்மைப் போட்டுட்டு? அந்தச் சந்து இல்லைன்னா என்னால விசிலே அடிக்க முடியாது! எடு அந்தப் பல்லை!" மாமா தன் சொந்தப் பற்கள் இரண்டையும் தானே கறுப்பு வைத்து அழித்தார். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது அவருக்கு.

பழக்கார அம்மா தன் படத்துக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். "எவனாவது தூரிகையோட கிட்ட வந்தீங்க, தராசுக் கல்லாலேயே அடிப்பேன்! என் வீட்டுக்காரரு வந்து பார்க்கற வரைக்கும் இந்த மூஞ்சி இப்படியேதான் இருக்கணும்!"

"அவங்களே கேட்டுக்கிட்டாங்க. விட்டுடுங்க," என்றாள் குக்கர்.

மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். ஒருவராவது ரசித்தாரே!

நாயிடம்தான் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. நெட்டை ரொட்டியைக் காட்டி அதை உள்ளே கூட்டிவந்தான். அது இரண்டு காது நாயை மேலும் கீழும் பார்த்தது. உறுமியது. பிறகு கூடமே கிடுகிடுக்கும்படி குரைத்தது. தன் தெருவுக்குப் புது நாய் வந்துவிட்டது என்று நினைத்ததோ என்னவோ! மாமா ஓடிப்போய் ஒரு காதுக்கு மட்டும் பின்னாலிருந்த சுவரின் நிறத்தை அப்பினார். நாய் வாலை ஆட்டிவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டது.

அந்த நேரத்தில்தான் சுண்டுவின் வகுப்பு உள்ளே வந்தது.

நேர் எதிர்ச் சுவரில் கதவளவு சுண்டு. ஜன்னல் வெளிச்சம். முறைப்பு. புருவத்திலிருந்து தாடைவரை, காதோரக் குட்டியையும் சேர்த்து, முழு மச்சம். படத்துக்குக் கீழே, அதே சட்டையில், அதே முறைப்போடு சின்னச் சுண்டு. குக்கர் அவனுக்குப் பின்னால் நின்றாள். காது இப்போதே சிவக்க ஆரம்பித்திருந்தது. அம்மா ஓட்டுநர் சீருடையோடு வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடித்தது பாசத்துக்கா, பாதுகாப்புக்கா, தெரியவில்லை.

வகுப்பு பார்த்தது. மேலே பார்த்தது, கீழே பார்த்தது.

"டேய், இது வரைஞ்சதா?" என்று ஒருவன் கேட்டான்.

"மேல இருக்கறது வரைஞ்சது. கீழ இருக்கறது நிஜம்."

"வலிக்குமா?"

"வலிக்காது."

"காதுகிட்ட ஒரு குட்டி இருக்கே. நான் பார்த்ததே இல்ல."

"நீ ஒழுங்கா பார்த்தது இல்ல," என்றான் சுண்டு.

இன்னும் கொஞ்சம் பார்த்தார்கள். ஒருத்தி, "செமையா முறைக்கிற" என்றாள். இன்னொருவன் கொட்டாவி விட்டான். அப்போது யாரோ, "ஏய், இங்க பாருங்கடா! ஒத்தக் காது நாய்! படத்துலயும் இருக்கு, தரையிலயும் இருக்கு!" என்று கத்தினான். அவ்வளவுதான். ஆற்று வெள்ளம்போல் மொத்த வகுப்பும் அந்தப் பக்கம் பாய்ந்தது. சுண்டுவின் படத்துக்கு முன்னால் ஈ காக்கை இல்லை.

சுண்டு சுற்றிலும் பார்த்தான். குக்கரைப் பார்த்தான். அவன் மூக்கு விடைத்தது.

"என்னக்கா இது? அவ்வளவுதானா? இவ்வளவு பெருசா மாட்டியிருக்கு, அதுக்குள்ள பார்த்து முடிச்சிட்டாங்களா? அந்த நாய்கிட்ட என்னதான் இருக்கு அப்படி?"

ஸ்ஸ்ஸ் என்று ஒரு மூச்சு விட்டான். முகத்தை நன்றாகத் தூக்கிக்கொண்டு, கூட்டத்தில் முண்டியடித்து, நாயைப் பார்க்க முன்வரிசைக்குப் போனான்.